பிக்கப்பை மாற்றினால் பாட்டு வந்துவிடுமா?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஏழு கம்பி எலக்ட்ரிக் கிடார் வைத்திருப்பவர்களை எண்ண இரண்டு கை விரல்கள் போதும் என்று யாராவது சொன்னால் அவரோடு சண்டைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சில பேருக்கும், கடைக்காரர் முதல் இணையத்தில் முகம் தெரியாத அண்ணன்மார் வரை எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்றே ஒன்று தான்.

"பிக்கப்பை மாத்து மச்சி. அப்புறம் பாரு சவுண்டை!"

சத்தம் மங்கலாக இருக்கிறதா? பிக்கப்பை மாத்து. இரைச்சல் வருகிறதா? பிக்கப்பை மாத்து. கை வேகமாகப் போகவில்லையா? அதற்கும் ஏதாவது ஒரு பிக்கப் இருக்கும், தேடிப் பார். காய்ச்சல் என்று போனாலும் கால் சுளுக்கு என்று போனாலும் ஒரே ஊசியைப் போடும் டாக்டரிடம் நம் ஊரில் யாரும் இரண்டாம் முறை போவதில்லை. கிடார் விஷயத்தில் மட்டும் அதே டாக்டரிடம் வரிசையில் நிற்கிறார்கள்.

இந்த அறிவுரை பத்தில் எட்டு முறை தவறு. அதைவிட மோசம், அது கேட்பவனின் பாக்கெட்டைப் பற்றி ஒரு நொடி கூட யோசிக்காத அறிவுரை.

முதலில் கணக்கு

கல்வராயன் மலை அடிவாரத்தில், கச்சிராயபாளையத்தில், ஒரு கல்லூரி மாணவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்குக் கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் மரவள்ளி. பையன் பகுதி நேர வேலை பார்த்து, வீட்டில் கெஞ்சி, ஒரு ஆரம்ப நிலை ஏழு கம்பி கிடார் வாங்கியிருக்கிறான். கணக்குக்காக 30,000 ரூபாய் என்று வைப்போம். இப்போது அவனிடம் ஒரு ஜோடி வெளிநாட்டு பிக்கப் போடச் சொல்கிறார்கள். பெயர் பெற்ற கம்பெனி பிக்கப் அமெரிக்காவிலேயே ஒன்று 100 டாலருக்கு மேல். கழுத்துப் பக்கம் ஒன்று, பிரிட்ஜ் பக்கம் ஒன்று, ஆக இரண்டு வேண்டும். அதன் மேல் சுங்க வரி, ஜி.எஸ்.டி., கூரியர், கடைக்காரர் லாபம். 20,000 ரூபாய் என்று வைத்தால் அது கஞ்சத்தனமான கணக்கு தான்.

அதாவது கிடார் விலையில் மூன்றில் இரண்டு பங்கு. காமர்ஸ் படிப்பவர்கள் முதல் வருடத்திலேயே படிக்கும் ஒரு வார்த்தை உண்டு, வாய்ப்புச் செலவு. ஒரு பொருளின் உண்மையான விலை அதற்குக் கொடுத்த ரூபாய் அல்ல. அந்த ரூபாயால் வாங்கியிருக்கக்கூடிய, ஆனால் வாங்காமல் விட்ட பொருள். அந்த 20,000 ரூபாயில் ஒரு நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸ், காதில் மாட்டும் ஒரு நல்ல ஹெட்போன், ஒரு வருடத்துக்கான கம்பிகள், சேலத்துக்குப் போய் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கிடாரைச் சரி செய்து வரும் செலவு எல்லாம் அடங்கிவிடும். மிச்சமும் இருக்கும்.

சரி, நாளைக்குக் கிடாரை விற்றால் பணம் திரும்புமா? பழைய கிடார் வாங்குகிறவர் உள்ளே என்ன பிக்கப் போட்டிருந்தாலும் பழைய கிடார் விலையில் இருந்து தான் பேரத்தை ஆரம்பிப்பார். போட்ட காசு மூழ்கின காசு. அதை மீட்க வேண்டும் என்று மேலும் காசு போடுவது தான் அடுத்த கட்டம். பிக்கப் மாற்றியும் திருப்தி இல்லாதவர்கள் அடுத்து ஆம்ப் மாற்றுவது இதனால் தான்.

அது என்ன பெரிய ரகசியமா?

பிக்கப் என்பது காந்தம், அதைச் சுற்றி செம்புக் கம்பி. அவ்வளவு தான். எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் ஆடுகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஃபாரடே 1831-ல் கண்டுபிடித்த விதி. அதே விதியில் தான் மின்சாரம் உற்பத்தி ஆகிறது. கள்ளக்குறிச்சியில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்காரரிடம் ஒரு பிக்கப்பைப் பிரித்துக் காட்டினால், "இவ்ளோ மெல்லிசு கம்பியா?" என்று தான் ஆச்சரியப்படுவார், தத்துவத்தைக் கண்டு அல்ல. வழக்கமான பிக்கப் கம்பியின் விட்டம் சுமார் 0.06 மில்லிமீட்டர். தலைமுடி அளவு.

1930-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் போஷாம்ப் இந்தத் தத்துவத்தைக் கிடாருக்குக் கொண்டுவந்தார். ரிக்கன்பேக்கர் அதை விற்றது. 1950-களின் நடுவில் கிப்சன் கம்பெனியின் செத் லவர், எதிரெதிர் திசையில் இரண்டு சுருள்களை இணைத்து, வெளியில் இருந்து வரும் மின் இரைச்சல் தன்னைத் தானே ரத்து செய்துகொள்ளும்படி செய்தார். அது தான் ஹம்பக்கர். இன்று கடையில் கிடைக்கும் ஏழு கம்பி பிக்கப்களில் மிகப் பெரும்பாலானவை அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் தான்.

"கம்பெனியில் வரும் பிக்கப் மலிவான செராமிக் காந்தம், அதனால் தான் சவுண்டு மட்டம்" என்று ஒரு பேச்சு உண்டு. இதைச் சொல்கிறவர்கள் அடுத்த மூச்சிலேயே சிபாரிசு செய்யும் பெயர்களில் ஒன்று செய்மோர் டங்கனின் நாஸ்குல். அதில் இருப்பதும் செராமிக் காந்தம் தான்! காந்தம் ஒரே வகை. ஆனால் ஒன்று மட்டம், இன்னொன்று மகத்துவம். காந்தம் மட்டுமே சத்தத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு அவர்களே சாட்சி.

ஏழாவது கம்பி எங்கிருந்து வந்தது?

ஏழு கம்பி என்றாலே மெட்டல், மெட்டல் என்றாலே அதிக அவுட்புட் பிக்கப் என்ற கணக்கு சமீபத்தியது. ரஷ்யாவில் ஏழு கம்பி கிடார் 1800-களிலேயே இருந்தது. ஜாஸ் கலைஞர் ஜார்ஜ் வான் எப்ஸ் 1930-களின் கடைசியில் எபிஃபோன் கம்பெனியை ஏழாவது கம்பி வைத்துக் கிடார் செய்ய வைத்தார். பாட்டுக்குக் கூடவே பேஸ் வரியையும் தானே வாசிக்க வேண்டும் என்பது அவருடைய தேவை. பிறகு 1990-ல் ஸ்டீவ் வாய்க்காக ஐபனஸ் 'யுனிவர்ஸ்' மாடலைக் கொண்டுவந்தது. அதற்கென்றே டிமார்சியோ ஏழு கம்பி பிக்கப் செய்தது. 1994-ல் கோர்ன் குழுவின் முதல் ஆல்பம் வந்தது. ஏழாவது கம்பியையும் ஒரு படி இறக்கி 'ஏ'-வில் வைத்தார்கள். அதன் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஏழு கம்பி ஒன்றும் புதிதல்ல. வீணையில் ஏழு கம்பிகள் தான். வாசிக்க நான்கு, தாளத்துக்கு மூன்று. மெட்டுகள் 24. யுனிவர்ஸ் கிடாரிலும் கம்பி ஏழு, மெட்டு 24. தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. "இதென்னடா அன்னிய வாத்தியம், அதுவும் ஒரு கம்பி எக்ஸ்ட்ரா" என்று கேட்கும் பெரியப்பாக்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லலாம்.

வீணைக்காரர்களும் இந்தச் சண்டையைப் போட்டு முடித்தவர்கள் தான். வீணையில் கான்டாக்ட் மைக் வைக்கலாமா, பிக்கப் வைக்கலாமா, வைத்தால் அந்த நாதம் கெடாதா என்று சபாக்களில் பேசாத பேச்சில்லை. ஆனால் அந்தச் சண்டையில் ஒரு நியாயம் இருந்தது. இரண்டு பக்கமும் 'வீணை எப்படிக் கேட்க வேண்டும்' என்பதைப் பற்றிப் பேசினார்கள். கிடார் பக்கம் நடக்கும் பேச்சில் அந்தக் கேள்வியே கிடையாது. எப்படிக் கேட்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. எந்தக் கம்பெனி என்று மட்டும் கேட்கிறார்கள்.

மாண்டலின் ஸ்ரீநிவாஸை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண மாண்டலினில் இரண்டிரண்டாக எட்டுக் கம்பிகள். அதில் கமகம் வராது. அவர் எலக்ட்ரிக் மாண்டலினை எடுத்து, ஜோடிக் கம்பிகளை விட்டுவிட்டு, ஐந்து தனிக் கம்பிகளில் வாசித்தார். இதெல்லாம் கர்நாடக சங்கீதமா என்று கேட்டவர்கள் பிறகு முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினார்கள். அங்கே வரிசையைக் கவனியுங்கள். முதலில் காதில் ஒரு ராகம். அதை இந்த வாத்தியம் தரவில்லை என்ற தெளிவு. அதற்குப் பிறகு தான் வாத்தியத்தில் மாற்றம். ராணிப்பேட்டைக்காரரான கிடார் பிரசன்னா கர்நாடக சங்கீதத்தைக் கிடாரில் உலக மேடைகளுக்குக் கொண்டுபோனார். அவர் வாசிப்பில் கேட்கும் கமகம் எந்தக் கடையிலும் டப்பாவில் விற்பதில்லை.

சேறு எங்கே இருக்கிறது?

ஏழு கம்பிக்காரர்களின் நிரந்தரப் புகார்: "அடிக் கம்பி சேறு மாதிரி கேக்குது." புகார் உண்மை தான். குற்றவாளி யார் என்பதில் தான் தகராறு.

சாதாரண கிடாரின் அடிக் கம்பி 'ஈ', நொடிக்கு சுமார் 82 அதிர்வுகள். ஏழாவது கம்பி 'பி', சுமார் 62. கோர்ன் மாதிரி 'ஏ'-வுக்கு இறக்கினால் 55. பையன் வீட்டில் வைத்திருப்பது 8 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பயிற்சி ஆம்ப். 55 அதிர்வை அந்தச் சின்ன ஸ்பீக்கர் ஒழுங்காக வெளியே தள்ளவே முடியாது. மேல் ஸ்வரங்களைக் கேட்டு காது தான் கீழ் ஸ்வரத்தை ஊகித்துக்கொள்கிறது. தங்கத்தில் பிக்கப் செய்து போட்டாலும் அந்த 8 அங்குல அட்டை 12 அங்குலமாக விரியப் போவதில்லை.

அடுத்து கம்பி. சுருதியை 'பி'-யில் இருந்து 'ஏ'-வுக்கு இறக்கினால் அதே கம்பியின் இழுவிசை ஏறக்குறைய 21 சதவீதம் குறைகிறது. தொளதொள என்று தொங்கும் கம்பி அடித்தவுடன் சுருதி ஏறி இறங்கும். அதைத் தான் பலர் 'பிக்கப் மங்கல்' என்கிறார்கள். இதற்கு மருந்து இன்னும் தடிமனான கம்பி, அதற்கேற்றபடி நட்டில் உள்ள பள்ளத்தைச் சரி செய்தல், பிரிட்ஜில் இன்டொனேஷன் பார்த்தல். அல்லது கிடார் வாங்கும்போதே நீளமான ஸ்கேல் பார்த்து வாங்கியிருக்க வேண்டும். 25.5 அங்குலத்தில் இருந்து 27 அங்குலத்துக்குப் போனால் அதே கம்பி, அதே சுருதிக்கு இழுவிசை 12 சதவீதம் கூடும். கம்பி செட் ஆயிரம் ரூபாய் அளவில் முடிந்துவிடும் சமாச்சாரம். கள்ளக்குறிச்சி வெயிலில் வியர்வைக் கையோடு ஆறு மாதம் வாசித்துத் துருப்பிடித்த கம்பியை வைத்துக்கொண்டு பிக்கப்பைத் திட்டுவது, சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போடாமல் ரோட்டைத் திட்டுவது போல.

மூன்றாவது, டிஸ்டார்ஷன். அடி ஸ்வரம் பெரிய அலை. அது டிஸ்டார்ஷனுக்குள் நுழைந்தால் எல்லா இடத்தையும் அடைத்துக்கொண்டு மேல் ஸ்வரங்களை நசுக்கிவிடும். அதனால் தான் அனுபவம் உள்ளவர்கள் டிஸ்டார்ஷனுக்கு *முன்னால்* அடிச் சத்தத்தைக் குறைப்பார்கள். ஐபனஸ் டியூப் ஸ்கிரீமர் என்ற பச்சைப் பெடல் மெட்டல் கிடாரிஸ்ட்கள் காலடியில் இத்தனை வருடமாகக் கிடப்பதன் ரகசியம் இது தான். சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதைப் படிப்படியாகக் குறைத்து, கெட்டியான சத்தத்தை ஆம்புக்கு அனுப்புகிறது. 'டைட்டான பிக்கப்' என்று 20,000 ரூபாய்க்கு விற்கப்படுவதில் பெரும் பகுதி இந்த வேலை தான். இதைக் கம்ப்யூட்டரில் ஒரு ஈக்குவலைசர் இலவசமாகவே செய்யும். நியூரல் ஆம்ப் மாடலர் மாதிரி இலவச மென்பொருளே பெரிய ஆம்ப்களின் சத்தத்தை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்ட காலம் இது.

ஐம்பது ஹெர்ட்ஸ் பேய்

இரைச்சல் விஷயத்துக்கு வருவோம். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. அதன் 'ம்ம்ம்' என்ற முனகலும் 50, 100, 150 ஹெர்ட்ஸில் தான் வரும். ஏழாவது கம்பியை 'ஏ'-வில் வைத்தால் 55. பக்கத்து வீடு! ஆறு கம்பிக்காரனுக்குத் தூரத்தில் கேட்கும் பேய் ஏழு கம்பிக்காரனுக்குத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறது.

ஹம்பக்கர் பிக்கப் சுருளுக்குள் வரும் முனகலை ரத்து செய்யும். ஆனால் எர்த் இல்லாத பிளக் பாயின்ட்டில் இருந்து வரும் இரைச்சலை எந்த பிக்கப்பும் ரத்து செய்யாது. மூன்று துளை இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது என்ற வீடுகள் கீழேயும் உண்டு, மலையிலும் உண்டு. கம்பியைக் கையால் தொட்டவுடன் இரைச்சல் குறைகிறதா? அப்படியானால் பிரச்சினை பெரும்பாலும் எர்த்திங்கிலும் ஷீல்டிங்கிலும் தான். எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்கள். அது கிடாருக்கு மட்டுமல்ல, உயிருக்கும் நல்லது. ஈரத் தரையில் நின்றுகொண்டு, எர்த் இல்லாத ஆம்பில், எஃகுக் கம்பியைத் தொடுகிற பொழுதுபோக்கு இது என்பதை எந்த பிக்கப் சிபாரிசுக்காரரும் சொல்வதில்லை.

கிலோ ஓம் மயக்கம்

கடைகளில் பிக்கப்பை 'எத்தனை கே' என்று கேட்டு வாங்குகிறார்கள். 8 கே சாது, 16 கே அசுரன் என்று ஒரு நம்பிக்கை. இது மின்தடை. மின்தடை கூடுவதற்கு சுற்று அதிகமாக இருக்கலாம், அல்லது கம்பி மெல்லியதாக இருக்கலாம். மெல்லிய கம்பியால் சுற்றினால் அதே எண்ணிக்கையிலேயே மின்தடை கூடிவிடும், சத்தம் கூடாது. நெல்லைப் படியில் அளக்காமல் மூட்டையின் நிறத்தை வைத்து விலை சொல்வது போன்ற வியாபாரம் இது.

பார்க்க வேண்டிய எண் இண்டக்டன்ஸ். அதுவும் கேபிளின் மின்தேக்கமும் சேர்ந்து தான் சத்தத்தின் கூர்மை எங்கே முடிகிறது என்பதைத் தீர்மானிக்கின்றன. ஒரு மிதமான ஹம்பக்கர் 4.5 ஹென்றி என்று வையுங்கள். கிடார் கேபிள் மீட்டருக்கு சுமார் 100 பிகோஃபாரட். 6 மீட்டர் கேபிளோடு பிக்கப்பின் சொந்த மின்தேக்கம் ஒரு 100 சேர்த்தால் 700. கணக்குப் போட்டால் உச்சி சுமார் 2,800 ஹெர்ட்ஸில் வரும். அதே கேபிளோடு 8 ஹென்றி கொண்ட 'அசுரன்' பிக்கப்பைப் போட்டால் உச்சி 2,100-க்கு இறங்கிவிடும். அதாவது தெளிவு வேண்டும் என்று அதிக அவுட்புட் பிக்கப் வாங்கியவன், தெளிவைக் காசு கொடுத்துக் குறைத்துக்கொள்கிறான்!

இப்போது பழைய பிக்கப்பையே வைத்துக்கொண்டு கேபிளை மட்டும் 3 மீட்டராக்குங்கள். உச்சி 3,700-க்கு மேல் ஏறிவிடும். செலவு? ஒரு கேபிள். படுக்கையறையில் உட்கார்ந்து வாசிக்கிறவனுக்கு 6 மீட்டர் எதற்கு?

இன்னொரு இலவச வைத்தியம் உண்டு. பிக்கப்பின் இரு பக்கமும் உள்ள திருகைத் திருப்பி உயரத்தை மாற்றுவது. கடைசி மெட்டில் கம்பியை அழுத்தி, கம்பிக்கும் பிக்கப்புக்கும் 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி வைத்து ஆரம்பியுங்கள். தடிமனான ஏழாவது கம்பிப் பக்கம் கொஞ்சம் இறக்கி, மெல்லிய கம்பிப் பக்கம் கொஞ்சம் ஏற்றுங்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவர், பத்து நிமிடம். இதைச் செய்யாமலே பிக்கப்பைக் கழற்றி எறிந்தவர்கள் எத்தனை பேரோ.

அப்படியானால் மாற்றவே கூடாதா?

அப்படிச் சொன்னால் அதுவும் இன்னொரு ஒரே ஊசி வைத்தியம் ஆகிவிடும். மாற்ற வேண்டிய நேரங்கள் உண்டு. சுருள் அறுந்து பிக்கப் செத்துப்போயிருந்தால் மாற்ற வேண்டியது தான். மெழுகு சரியாக ஏறாமல், சத்தம் கூட்டினால் 'கீ' என்று விசில் அடித்தால் மாற்றலாம். கம்பிகள் பிக்கப்பின் முனைகளுக்கு மேலே போகாமல் ஓரமாகப் போய் ஒரு கம்பி மட்டும் செத்துக் கேட்டால் மாற்றலாம். மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்து முடித்து, ஒரு வருடம் வாசித்து, 'இந்த இடத்தில் இது தான் வேண்டும்' என்று காது சொன்னால் தாராளமாக மாற்றலாம்.

அப்போது தேர்ந்தெடுப்பது எப்படி?

முதலில் அளவு. ஏழு கம்பி பிக்கப் எல்லாம் ஒரே அளவல்ல. சில ஆக்டிவ் பிக்கப்கள் பேஸ் கிடார் மாதிரி மூடிய சோப்பு டப்பா வடிவில் வரும். சாதாரண ஹம்பக்கர் குழியில் அது உட்காராது. குழியைப் பெரிதாக்க வேண்டும். கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உளி பிடிக்கத் தெரிந்த கைகளுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை, அளவு சொன்னால் அழகாகவே செதுக்கித் தருவார்கள். ஆனால் செதுக்கிய மரம் திரும்ப வளராது. அதனால் ஸ்கேலை வைத்து அளந்த பிறகே ஆர்டர் போடுங்கள்.

இரண்டாவது, ஆக்டிவா பாசிவா. ஆக்டிவ் என்றால் உள்ளே 9 வோல்ட் பேட்டரி, சின்ன பிரீஆம்ப். கேபிள் நீளம் அதைப் பெரிதாகப் பாதிக்காது, இரைச்சல் குறைவு. ஆனால் வால்யூம் பாட்டையும் மாற்ற வேண்டும். பாசிவுக்கு வழக்கமாக 500 கே, ஆக்டிவுக்கு வழக்கமாக 25 கே. பேட்டரிக்கும் குழிக்குள் இடம் வேண்டும். கச்சேரி நடுவில் பேட்டரி தீர்ந்தால், மலை மேல் வெள்ளிமலையில் எத்தனை கடையில் 9 வோல்ட் பேட்டரி இருக்கும் என்பதையும் யோசியுங்கள்.

மூன்றாவது, இண்டக்டன்ஸும் காந்தமும். அடிக் கம்பியில் கார்டு வாசித்தாலும் தனித்தனி ஸ்வரம் கேட்க வேண்டும் என்றால் இண்டக்டன்ஸ் குறைந்த, மிதமான அவுட்புட் பிக்கப். கழுத்துப் பக்கத்துக்கு பெரும்பாலும் அல்னிகோ 5 மாதிரி மென்மையானது பொருந்தும். நாஸ்குலுக்கு ஜோடியாக வரும் சென்டியன்ட் பிக்கப்பில் இருப்பது அல்னிகோ 5 தான். எண்ணைக் கேட்டால் சொல்லாத கடையில் வாங்காதீர்கள்.

நான்காவது, ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மெட்டல் வாசிப்பவன் நேரத்தில் பெரும் பகுதி பிரிட்ஜ் பிக்கப்பில் தான் இருக்கிறான். ஜோடியாக வாங்கினால் தான் அழகு என்பது விற்பவரின் அழகியல்.

உண்மையில் என்ன நட்டம்?

20,000 ரூபாய் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். அதை விடப் பெரிய நட்டம் ஒன்று இருக்கிறது. 'உன் சத்தம் மட்டமாக இருப்பதற்குக் காரணம் உன்னிடம் இல்லாத பொருள்' என்று ஒரு பையனிடம் திரும்பத் திரும்பச் சொன்னால் அவன் அதை நம்பிவிடுகிறான். அந்தப் பொருள் வரும் வரை வாசிப்பதைத் தள்ளிப் போடுகிறான். காசு சேரவில்லை என்றால் கிடார் உறைக்குள் போகிறது, உறை பீரோ மேலே போகிறது. சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவனுக்குப் பக்கத்துத் தெருவில் இன்னொரு கிடாரிஸ்ட் இருப்பான், அவன் கிடாரை வாங்கி வாசித்துப் பார்த்து 'அட, இது பிக்கப் பிரச்சினை இல்லைடா' என்று தெரிந்துகொள்வான். கள்ளக்குறிச்சியில் அந்த வாய்ப்பு இல்லை. இங்கே இருப்பவனுக்கு அறிவுரை மட்டும் தான் கிடைக்கிறது. அதனால் அறிவுரை சொல்கிறவர்களுக்குப் பொறுப்பு இரண்டு மடங்கு.

2019 வரை தனி மாவட்டமாகக் கூட இல்லாத ஊர் இது. இங்கே ஒருவன் ஏழு கம்பி கிடாரைத் தூக்கிக்கொண்டு நிற்பதே பெரிய விஷயம். அவனிடம் முதல் கேள்வியாக 'என்ன பிக்கப்?' என்று கேட்காதீர்கள். 'என்ன வாசிக்கிற?' என்று கேளுங்கள். வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். சேறாகக் கேட்டால் கம்பியை மாற்றச் சொல்லுங்கள், திருகைத் திருப்பச் சொல்லுங்கள், பேஸைக் குறைக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் சேறாகக் கேட்டால் மெட்ரோனோம் போட்டு மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். அந்த வைத்தியம் பலிக்கும் விகிதம் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் என்பதை உள்ளுக்குள் எல்லோரும் அறிவார்கள்.

டிஸ்கி: ஏற்கனவே பிக்கப் மாற்றிவிட்டவர்கள் கோபப்பட வேண்டாம். மாற்றிய பிக்கப்பின் உயரத்தையும் அந்த 2 முதல் 3 மில்லிமீட்டரில் வைத்துப் பாருங்கள். கழற்றிய பழைய பிக்கப்பைத் தூக்கிப் போடாமல் டப்பாவில் பத்திரமாக வையுங்கள். கிடாரை விற்கும் நாளில் அதைத் திரும்பப் போட்டுவிட்டுப் புதியதைத் தனியாக விற்றால் கொஞ்சம் காசாவது மீளும்.